காயலான் கடையில் ஒரு மூச்சு

பழைய இரும்பையும் பித்தளையையும் ஓடாத மோட்டாரையும் எடைக்கு வாங்கி எடைக்கே விற்கும் கடையை நம் பக்கத்தில் காயலான் கடை என்கிறோம். காயல்பட்டினத்து வணிகர்கள் சென்னைக்கு வந்து இத்தொழிலை நடத்தியதால் ஏற்பட்ட பெயர் என்பர். பெயர்க்காரணக் கதைகளை அப்படியே நம்பிவிடக் கூடாது என்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நாம். (நாம் குடியிருக்கும் ஓரிக்கைக்கே அப்படியொரு கதை உண்டு. கணிகண்ணனோடும் திருமழிசையாழ்வாரோடும் காஞ்சியை விட்டுப் புறப்பட்ட பெருமாள் ஓர் இரவு இங்கே தங்கினாராம். 'ஓரிரவிருக்கை' மருவி ஓரிக்கை ஆயிற்றாம். அழகான கதை, ஆராய்ச்சிக்கு உதவாது.) ஆயினும் காயலான் கடைக் கதையை நாம் விட மனமில்லாமல் வைத்திருக்கிறோம். ஒரு காலத்தில் உலகச் சந்தைக்கான முத்து எடைபோடப்பட்ட துறையின் பெயர், இன்று துருப்பிடித்த இரும்பை எடைபோடும் கடைக்கு நிற்கிறதே என்பதுதான் காரணம்.

கடலில் மூழ்குவோரின் சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் பழைய இயந்திரம் ஒன்று அப்படிப்பட்ட கடையில் விலைக்கு வந்ததையொட்டி, நம் முன்னாள் மாணவர் ஒருவர் நம்மிடம் சில ஐயங்கள் கேட்டார். அவற்றுக்கு விடை தேடப் போய்ச் சேர்த்த செய்திகளே இக்கட்டுரை. இயந்திரத்துக்கு வருமுன் காயலுக்கும், காயலுக்கு முன் கொற்கைக்கும் போய்வர வேண்டியிருக்கிறது.

கொற்கை முத்தை மதுரைக்காஞ்சி பேசுகிறது. (காஞ்சி என்ற சொல்லைக் கண்டு நம்மூர்க்காரர்கள் மகிழ வேண்டாம், அங்கே அது நிலையாமையைச் சொல்லும் திணைப்பெயர்.) அகநானூற்றுப் பாட்டொன்றில், சுறா திரியும் கடலில் மூழ்கி வலம்புரி எடுத்துத் திமிலில் திரும்பும் பரதவரைக் கொற்கையூர் ஆரவாரத்தோடு எதிர்கொள்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடல் பெரிப்ளஸ்' என்னும் கிரேக்கக் கையேடோ, கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்று வணிகக் கணக்கின் தொனியில் எழுதிவிட்டுப் போகிறது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஒரே தொழிலை ஒருவர் ஊர் மகிழவும் இன்னொருவர் விலங்கின் கீழும் செய்திருக்கக்கூடும்.

தாமிரபரணியின் வண்டல் கொற்கையை உள்நாட்டு ஊராக்கிவிட, துறை காயலுக்கு நகர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ கண்ட காயல், ஆற்று முகத்துவாரத்திலுள்ள பழைய காயலே என்று கால்டுவெல் நிறுவினார். முத்துக்குளிப்பைப் பற்றி போலோ தரும் செய்திகளில் நமக்குச் சுவையானது, சுறாவை மந்திரத்தால் கட்டுபவருக்குத் தரப்பட்ட கூலி. எடுக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு! 'கடல்கட்டி' என்ற பெயரில் இந்தப் பதவி பிரித்தானியர் காலம் வரை நீடித்தது. மந்திரம் பலித்ததோ இல்லையோ, அது இல்லாவிட்டால் குளியாள் கடலில் இறங்க மறுத்தார். தொழிலின் ஆபத்துக்காக யாரோ ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், அதற்கான செலவு சலாபத்தின் கணக்கில் ஏற வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. இதை நாம் வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட மாட்டோம்.

குளிக்கும் முறை நூற்றாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. இறங்குவதற்கு ஒரு கனத்த கல். முத்துச்சிப்பி சேர்க்க ஒரு வலைப்பை. தோணியில் கயிறு பிடிக்க ஒரு கூட்டாளி. கயிறு பிடிப்பவர் மைத்துனராகத்தான் இருக்க வேண்டும், அவர் தங்கையின் தாலியல்லவா அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்ற பேச்சைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அடியில் இருப்பது ஒரு நிமிடம், மிகப் பழகியவராயின் ஒன்றரை நிமிடம். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைத்தால் மேலே இழுத்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது முறை இப்படி மூழ்கியதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாளுக்கு.

இங்கே ஒன்றை ஊன்றிப் பார்க்க வேண்டும். இந்த முறையில் மனிதனின் மூச்சே அளவுகோல். நுரையீரல் 'போதும்' என்றதும் உடல் மேலே வந்தே தீரும். செவிப்பறை கிழியலாம், சுறா கடிக்கலாம், மூச்சடைத்து மயங்கலாம். ஆனால் நீருக்கடியில் அழுத்தக் காற்றை நெடுநேரம் சுவாசிப்பதால் வரும் முடக்கம் இந்தக் குளியாளைப் பெரும்பாலும் தொடவில்லை. அவர் அங்கே சுவாசிக்கவே இல்லையே.

சுவாசிக்கத் தொடங்கியபோதுதான் புதிய நோய் வந்தது. 1837இல் லண்டனில் அகஸ்டஸ் சீபே உருவாக்கிய மூடிய கவச உடைக்கு மேலிருந்து கைப்பம்பால் காற்று அனுப்பினார்கள். ஆஸ்திரேலியாவின் முத்துச்சிப்பித் துறைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது பரவியது. அத்தோடு பக்கவாதமும் சாவும் பரவின. மன்னார் வளைகுடாவில் கவச உடை வேரூன்றவில்லை. சில வாரங்களே நடக்கும் சலாபத்துக்கு ஆயிரக்கணக்கான குளியாளர் குறைந்த பங்குக்குக் கிடைக்கும்போது விலையுயர்ந்த உடைக்கு என்ன தேவை? மனித மூச்சின் மலிவு நம்மவரை ஒரு நோயிலிருந்து காத்தது என்று சொல்வது கசப்பானதுதான். ஆனால் நாம் புரிந்துகொண்ட வரையில் நடந்தது அதுவே.

அந்த நோயின் கணக்கைத் தீர்த்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பத்து மீட்டர் ஆழத்தில் உடலின் மீதான அழுத்தம் இருமடங்காகிறது. அங்கே சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் குருதியிலும் கொழுப்பிலும் கரைந்து சேர்கிறது. மெல்ல மேலே வந்தால் மூச்சோடு வெளியேறும். விரைந்து வந்தால், சோடா புட்டியைத் திறந்ததுபோல் உடலுக்குள்ளேயே குமிழிகள் தோன்றும். மூட்டில் தோன்றினால் வலி, தண்டுவடத்தில் தோன்றினால் கால்கள் போய்விடும். ஆடுகளை அழுத்த அறைக்குள் அடைத்து ஆராய்ந்த ஹால்டேன், எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம், திரும்பும் வழியில் எங்கெங்கே தங்க வேண்டும் என்ற அட்டவணையை 1908இல் இரு துணையாசிரியர்களோடு வெளியிட்டார். சோதனைகளின்போது 1906இல் அவருடைய மகனும் கவச உடையணிந்து கடலில் இறக்கப்பட்டான். வயது பதின்மூன்று, உடை பெரிதாகையால் மணிக்கட்டு வழியே நீர் புகுந்தது. அந்தப் பையன்தான் பின்னாளில் இந்தியாவுக்குக் குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்த ஜே.பி.எஸ். ஹால்டேன். தந்தைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சுரங்கங்களில் கார்பன் மோனாக்சைடைக் கண்டறியச் சிறு பறவைகளைக் கொண்டுசெல்லும் வழக்கத்தைப் பரிந்துரைத்தவர் அவரே. குமிழியும் நச்சுக்காற்றும் ஒரே மனிதரின் ஆய்வுமேசையில் அடுத்தடுத்து இருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

1943இல் பிரான்சில் கூஸ்டோவும் பொறியாளர் எமில் காஞானும் சேர்ந்து, தேவைக்கேற்பக் காற்றைத் திறந்துவிடும் அடைப்பானைச் சிலிண்டரோடு பொருத்தினர். மூழ்குபவர் குழாயிலிருந்து விடுதலை பெற்றார் என்று எழுதுவார்கள். உண்மையில் குழாயின் மறுமுனை கரைக்கு மாறியது, அவ்வளவே. ஏனெனில் சிலிண்டரை யாராவது நிரப்ப வேண்டும். 12 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்தால் 2,400 லிட்டர் காற்று. பத்து மீட்டர் ஆழத்தில் அது ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். இந்த அழுத்தத்தைத் தரும் இயந்திரங்கள் அன்று கடற்படைகளிடமும் சில ஆலைகளிடமுமே இருந்தன. போர் முடிந்து உபரியாக விற்கப்பட்ட பழைய இயந்திரங்களும், தீயணைப்புக்கென்று செய்யப்பட்ட சிலிண்டர்களும் மேலைநாடுகளில் முதல் தலைமுறை மூழ்குவோருக்கு உதவின. அந்தக் கலையின் பிள்ளைப்பருவம் பெருமளவு பழைய சாமான் கடையில் கழிந்தது எனலாம்.

நம் கடலுக்கும் அது விரைவிலேயே வந்தது. 1956இல் இலங்கைக்கு வந்த ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் திருகோணமலையில் சுவாமி மலையின் அடியில் மூழ்கி, போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேசுவரத்தின் செதுக்கிய தூண்களை நீருக்குள் கண்டனர். கிளார்க் அதை 1957இல் நூலாக எழுதினார். வில்சனின் கதை இன்னும் விந்தையானது: சிங்களத்தின் முதல் வண்ணப்படத்தை இயக்கி, பிறகு துறவு பூண்டு சுவாமி சிவகல்கி ஆனார். தூத்துக்குடியில் அதே ஆண்டுகளில் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வல்லுநராக வந்த இத்தாலியர் பாஸ்கியேரி சால்வதோரி முத்துப் பார்களையும் சங்குப் படுகைகளையும் ஆராய்ந்தார். அவருடைய அறிக்கை 1960இல் வந்தது. 1955இல் தொடங்கிய சலாபத் தொடர் 1961இல் முடிந்தது. அதற்குப் பிறகு அங்கே முத்துச் சலாபமே நடக்கவில்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மகாதேவனும் நாகப்பன் நாயரும் அறுபதுகளில் கடலடியில் நேரில் கண்டு எழுதிய கட்டுரைகள் இன்றும் படிக்கத் தக்கவை. 1973இல் அதே நிலையத்தின் அழகர்சாமி குழுவினர் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். பூம்புகாரிலும் மாமல்லபுரத்திலும் தொல்லியலாளர்கள் சிலிண்டரோடு இறங்கிய வரலாறு இதன் கிளை. அதைத் தனியே எழுத வேண்டும்.

ஆராய்ச்சியாளருக்குச் சிலிண்டர் வந்தபோது கூடவே பயிற்சியும் அட்டவணையும் வந்தன. சங்கு குளிப்பவருக்கு என்ன வந்தது? முத்து போனபின் எஞ்சியது சங்கு. வங்கத்துப் பெண்களின் வளையலுக்கு மன்னார் வளைகுடாச் சங்கு போவது பழைய வணிகம். ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். காஞ்சியில் பெருமாள் கையில் இருப்பதை மட்டும் பார்த்துப் பழகிய நமக்கு அது ஒரு கடற்பிராணியின் ஓடு, அதை ஒருவர் மூழ்கி எடுத்திருக்கிறார் என்பது அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. இந்தச் சங்குக் குளியாளரிடம் கடந்த சில பதிற்றாண்டுகளில் வந்து சேர்ந்தது, பஞ்சர் கடையில் டயருக்குக் காற்றடிக்கும் வகையைச் சேர்ந்த கம்ப்ரஸர். படகில் அதை டீசல் எஞ்சினோடு பிணைத்து, அதிலிருந்து நீண்ட ரப்பர் குழாயை இறக்கி, குழாயின் முனையை வாயில் கவ்விக்கொண்டு மூழ்குகிறார்கள். பழையதாக வாங்கினால் விலை கைக்கு அடங்கும். பழுதானால் எந்த ஊரிலும் பார்த்துக்கொள்ளலாம்.

மூச்சு என்ற பழைய அளவுகோல் இப்போது இல்லை. எஞ்சின் ஓடும்வரை அடியில் இருக்கலாம். அமெரிக்கக் கடற்படையின் அட்டவணைப்படி 18 மீட்டரில் ஏறத்தாழ ஒரு மணி நேரமும் 30 மீட்டரில் 25 நிமிடமும் இருந்துவிட்டால், அதன்பின் நேராக மேலே வரக்கூடாது. கம்ப்ரஸரை விற்பவர் இதைச் சொல்வதில்லை, சொல்ல அவருக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. டயருக்கு நைட்ரஜன் நோய் வராதே. கரையேறியபின் கால் மரத்துப்போனால் வாயுப்பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்துக்கொள்வதும், மீண்டும் அழுத்த அறைக்குள் வைத்துச் சிகிச்சை தரவேண்டிய பொன்னான மணிகள் கழிந்துபோவதும் நடக்கின்றன. இது நம் கடலுக்கு மட்டும் உரிய அவலமன்று. ஹோண்டுராஸ் நாட்டின் மிஸ்கிட்டோ பழங்குடியினர் ஏற்றுமதிக்குக் கல் இறால் பிடிக்க மூழ்கி, நூற்றுக்கணக்கில் முடமாயினர். அவர்களுக்குப் பாதுகாப்பு தரத் தவறிய அரசைப் பொறுப்பாக்கி அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அங்கே அவர்களுக்குச் சிலிண்டர் இருந்தது, அட்டவணைதான் இல்லை.

இந்தப் பின்னணியில்தான் நம் மாணவரின் தொலைபேசி அழைப்பு வந்தது. தென்கடற்கரைக் குடும்பத்தவர், காஞ்சியில் நம்மிடம் இளங்கலை படித்தவர், இப்போது முறையாகப் பயின்று மூழ்குதொழில் செய்கிறார். "ஐயா, கம்ப்ரஸருக்குத் தமிழில் என்ன?" என்று தொடங்கினார். கலைச்சொல் அகராதிகள் 'அமுக்கி' என்கின்றன, 'காற்றழுத்தி' என்றும் எழுதுகிறார்கள் என்றோம். "எங்கள் பக்கம் கம்ப்ரஸர் என்றால்தான் ஐயா தெரியும்" என்று சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். தம் ஊரில் சிலிண்டர் நிரப்பிக்கொள்ள வழி வேண்டும். புதிய இயந்திரம் எட்டாத விலை. பழைய ஜெர்மன் இயந்திரமொன்று காயலான் கடையில் கிடக்கிறது. அதன் தகட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்.

தகட்டில் 200 என்ற எண்ணை அடுத்து ஏ, டி, யூ என்று மூன்றெழுத்து. யூவின் தலையில் இரு புள்ளி. நம் கல்லூரி இயற்பியல் நண்பரைக் கேட்டோம். வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தத்தைக் குறிக்கும் பழைய ஜெர்மன் அலகு, எழுபதுகளின் இறுதியோடு சட்டப்படி கைவிடப்பட்டது என்றார். எனவே இயந்திரம் அதற்கு முற்பட்டது. எழுத்தமைதி கொண்டு கல்வெட்டின் காலம் கணிப்பதைப் பாடமாக நடத்தும் நமக்கு, அதே வழியில் ஓர் இரும்பின் வயதைக் கண்டது சிறுபிள்ளைத்தனமான மகிழ்ச்சியைத் தந்தது.

அலகு முக்கியம். கப்பலிலிருந்து கழற்றிய காற்றழுத்திகள் பல விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பேரெஞ்சினை இயக்கத் தேவைப்படும் 30 மடங்கு அழுத்தத்துக்கானவை. தோற்றத்தில் பிரமாண்டமாக இருக்கும், சிலிண்டருக்குப் பயன்படாது. 200 மடங்கை ஒரே அமுக்கில் எட்ட முயன்றால் காற்றின் வெப்பம் கணக்குப்படி ஆயிரம் டிகிரியைத் தாண்டும். ஆகவே மூன்று அல்லது நான்கு படிகளாக, ஒவ்வொரு படியிலும் சில மடங்கு மட்டும் அமுக்கி, இடையிடையே குளிர்வித்து, வடியும் நீரை வெளியேற்றிக்கொண்டே போகிறார்கள். கடற்கரைக் காற்றில் நீர் மிகுதி. பழைய இயந்திரத்தின் கடைசிப் படியின் வளையங்களும் அடைப்பான்களும் அந்த நீராலேயே அரிக்கப்பட்டிருக்கும். உதிரிப் பாகம் கிடைக்குமா என்று விலை பேசுமுன் கேட்டாக வேண்டும்.

ஆனால் இரும்பைவிடக் கவலைக்குரியது அதன் வயிற்றில் இருக்கும் எண்ணெய். முன்பு வாங்கியவர் சாதாரண எஞ்சின் எண்ணெய் ஊற்றியிருந்தால், சூட்டில் அது கருகி ஆவியாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் காற்றில் கலக்கும். உறிஞ்சுகுழாய் டீசல் எஞ்சினின் புகைக்கு அருகில் இருந்தாலும் அதே நஞ்சு. நிறமில்லை, மணமில்லை. குருதியில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். சுவாசக் காற்றில் பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் கூடாது என்கிறது ஐரோப்பியத் தரம். கரையில் தலைவலியோடு போகக்கூடிய அளவு, இருபது மீட்டர் ஆழத்தில் மும்மடங்கு வலிமை பெறுகிறது. இதைத் தடுக்கும் வடிகட்டியில் முதலில் ஈரம் உறிஞ்சும் மணிகள், பின் கரித்தூள், மோனாக்சைடைத் தீங்கு குறைந்த வாயுவாக மாற்றும் மாங்கனீசு, செம்பு ஆக்சைடுக் கலவை என்று அடுக்கியிருப்பார்கள். அந்தக் கலவை ஈரம் பட்டால் செயலிழக்கும். மாணவர் படத்தில் அனுப்பிய இயந்திரத்தில் வடிகட்டிக் குடுவை இருந்தது; உள்ளே எதுவும் இல்லை. கடைக்காரர் அதைத் தனியாக அலுமினிய விலைக்கு எடுத்து வைத்திருந்தாராம்.

சட்டமும் இருக்கிறது. அழுத்த வாயுவைச் சிலிண்டரில் நிரப்பித் தருவதற்கு வாயுச் சிலிண்டர் விதிகள் 2016இன் கீழ் உரிமம் வேண்டும். சிலிண்டர்களுக்குக் குறித்த காலத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை வேண்டும். 200 மடங்கு அழுத்தத்தில் வெடிக்கும் உருளை அறையின் சுவரைக் கொண்டுபோய்விடும் என்பதால், இவ்விதிகளைக் கெடுபிடி என்று சலித்துக்கொள்ள முடியவில்லை.

மாணவர் இயந்திரத்தை வாங்கிவிட்டார். வாங்கியதும் ஓட்டவில்லை. எண்ணெயை வடித்து, உள்ளே கழுவி, சுவாசத்துக்கான எண்ணெய் ஊற்றி, புதிய வடிகட்டி வரவழைத்து, முதலில் வரும் காற்றைச் சோதனைக்கு அனுப்புவதாகத் திட்டம். இதற்கெல்லாம் ஆகும் செலவு இயந்திரத்தின் விலையைத் தாண்டிவிட்டது. நம்மிடம் அவர் கேட்டது வேறு உதவி. ஊரில் குழாய் கவ்வி மூழ்கும் உறவினர்கள் பலர். அவர்கள் படிக்கும்படி ஆழமும் நேரமும் கொண்ட அட்டவணையைத் தமிழில், பெரிய எழுத்தில், படகில் மாட்டும் அளவில் எழுதித் தர வேண்டும். இயற்பியல் நண்பர் எண்களைச் சரிபார்க்கிறார். நாம் சொற்களைப் பார்க்கிறோம். மேலே வரும் வழியில் சற்று நிற்க வேண்டிய இடத்துக்கு 'நிறுத்தம்' என்று முதலில் எழுதினோம். பேருந்து நினைவு வருகிறது என்றார் மாணவர். இப்போதைக்கு 'தங்கல்' என்று போட்டிருக்கிறோம். எண்களுக்கு மீட்டரா, பாகமா என்பது மட்டும் முடிவாகவில்லை. வயதானவர்கள் இன்னும் பாகக் கணக்கில்தான் ஆழம் சொல்கிறார்களாம்.